ஞாபகக் கெடு

அறுந்த கேபிள் இன்றைக்கு ஒட்டிவிடும் என்று செய்தி வரும் காலையில் ரெய்னோ ஹாபலா முகச்சவரம் செய்துகொண்டு வேலைக்கு வருவார். மற்ற நாட்களில் அவரைப் பார்த்தால் வேட்டைக்குப் போய் வழி தவறித் திரும்பியவர் மாதிரி இருக்கும். இந்த வித்தியாசத்தை முதலில் கண்டுபிடித்தது கல்லூரியின் டெலிபோன் கம்பிகளைப் பார்த்துக்கொள்ளும் லகோம்ப்.

"மூணு நாளா மெயில் போகலைன்னு ஊரே தலையில அடிச்சுக்குது. நீ என்னடான்னா மாப்பிள்ளை மாதிரி வந்து நிக்கிற," என்றான்.

"பிளேடு புதுசு," என்றார் ரெய்னோ.

"போன தடவை கேபிள் அறுந்தப்பவும் இதையேதான் சொன்ன. இன்னிக்கு அந்தப் பூதம் போன் பண்ணும், அதானே?"

மாநிலத்தை வடக்கு தெற்காகப் பிரிக்கிற நீரிணையின்மேல் ஒரு பாலம் உண்டு. அதற்குத் தெற்கே குடியிருக்கிற அத்தனை பேரையும் பூதங்கள் என்றுதான் வடக்கே இருப்பவர்கள் சொல்வார்கள். வரைபடத்தில் தெற்கு பாலத்துக்குக் கீழே, கதைகளில் பாலத்துக்குக் கீழே பூதம்தானே குடியிருக்கும் என்பது அவர்களுடைய நியாயம். ரெய்னோ பதில் சொல்லவில்லை. காது மட்டும் சிவந்துபோய், கையிலிருந்த காபியோடு தன் அறைக்குள் போய்விட்டார்.

அவர் பேசாததில் அதிசயமில்லை. பேசினாலும் அப்படித்தான் இருக்கும். கடையில் ரொட்டி கேட்டால் கடைக்காரி மேஜைமேல் சாய்ந்து காதைக் கொடுக்க வேண்டும். வடக்கே நெகானி என்கிற சுரங்க ஊரில் பிறந்தவர். அப்பா இரும்புச் சுரங்கத்தில் வேலை செய்துவிட்டு வந்து, சனிக்கிழமை சாவ்னா என்கிற நீராவி அறையில் வியர்க்க உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தூங்கி, மொத்தமாக வாரத்துக்கு ஒரு கை வார்த்தை பேசினவர். பிள்ளை அதில் பாதி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஏரிக்கரை ஊரில் இருந்த மாநிலக் கல்லூரியில், கணினி அறையில் துளையிட்ட அட்டைக் கட்டுகளைத் தூக்கிப் போடுகிற வேலைக்குச் சேர்ந்தார். அட்டை போய் நாடா வந்தது, நாடா போய் டிஸ்க் வந்தது. ரெய்னோ மட்டும் போகவில்லை. நடுவில் கேரல் என்று ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். "இங்க ஆறு மாசம் பனி, பன்னண்டு மாசம் நீ. என்னால முடியலை ரெய்னோ," என்று சொல்லிவிட்டு அவள் அரிசோனாவுக்குப் போய்விட்டாள். நியாயமான பெண். போகும்போது ஃப்ரீசரில் இரண்டு வாரத்துக்கு இறைச்சி அடை சுட்டு வைத்துவிட்டுத்தான் போனாள். ஒன்றே ஒன்று மிஞ்சுகிறவரை அதைச் சூடாக்கித் தின்ற பிறகுதான் அவள் போய்விட்டாள் என்பது ரெய்னோவுக்கு முழுதாக உறைத்தது.

கடைசியாக அவர் கைக்கு வந்தது டைரக்டரி. கல்லூரியில் சம்பளம் வாங்குகிறவர், படிக்கிறவர், தரை துடைக்கிறவர் எல்லாருடைய பெயர், கடவுச்சொல், அறை எண், டெலிபோன் எண் இத்தனையையும் வைத்திருக்கிற சர்வர் அது. யார் எந்தக் கணினிமுன் உட்கார்ந்தாலும், இந்த ஆள் நம் ஆள்தானா என்று கணினி அதைத்தான் கேட்கும். வடக்கு வளாகத்தில் ஒன்று, பாலம் தாண்டித் தெற்கே சாகினா நகரத்து வளாகத்தில் ஒன்று. இரண்டுக்கும் சம உரிமை. இங்கே ஒருவரைச் சேர்த்தால் அங்கேயும் சேரும், அங்கே ஒருவரை நீக்கினால் இங்கேயும் மறையும். நடுவில் கேபிள் அறுந்தால் ஒவ்வொன்றும் தன் பக்கத்து மாற்றங்களை ஞாபகம் வைத்திருந்து, கேபிள் வந்ததும் மற்றதிடம் சொல்லிவிடும்.

எத்தனை நாளைக்கு ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு கெடு உண்டு. அதை மனிதர்கள்தான் குறித்துக் கொடுக்க வேண்டும். கெடு தாண்டினால் மறந்துவிடும். மறந்துபோன இரண்டும் பிறகு தாமாக ஒட்டாது. ஏதாவது ஒன்றை அசல் என்று முடிவுசெய்து, மற்றதை அடியோடு துடைத்து, அசலிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப நிரப்ப வேண்டும். துடைக்கப்படுகிற பக்கத்தில் அந்த நாட்களில் நடந்த மாற்றங்கள் போயே போய்விடும். அதனால் துடைப்பதற்கு முன்பு அவற்றை எடுத்து மற்றப் பக்கத்தில் சேர்த்தாக வேண்டும்.

தெற்குச் சர்வரைப் பார்த்துக்கொண்டது டெல்ஃபீன் ஸ்டோக்லி. இரண்டு சர்வர்களையும் நிறுவிய நாளில் அந்த அம்மாளும் ரெய்னோவும் டெலிபோனில் கலந்து பேசி, கெடுவை ஒரு மாதம் என்று வைத்தார்கள். ஒரு மாதம் கேபிள் இல்லாமல் யார் இருக்கப்போகிறார்கள்?

இருந்தார்கள். முதல் பனிக்காலத்திலேயே நீரிணையின் அடியில் கிடந்த கேபிளைப் பனிக்கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டது. கப்பல் வந்து சரிசெய்ய ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு சர்வர்களும் ஒன்றையொன்று மறந்துபோயின. பாலத்தின்மேல் போகிற பழைய செம்புக் கம்பி டெலிபோன் மட்டும் வேலை செய்தது. டெல்ஃபீன்தான் கூப்பிட்டார்.

"ஹாபலா, உங்க பக்கத்தைத் துடைச்சுடலாம். என் பக்கத்துலதான் ஆள் அதிகம். உங்க மாற்றத்தை எல்லாம் ஒண்ணொண்ணா வாசிங்க, நான் டைப் பண்ணிக்கறேன்."

இந்தத் தொழில் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். மாற்றங்களை ஒரு ஃபைலில் இறக்கி வைத்துக்கொண்டு, கேபிள் வந்ததும் அனுப்பினால் ஒரு நிமிஷத்தில் முடிகிற காரியம் அது. ரெய்னோவுக்கும் தெரியும். சொல்வதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் அந்த அம்மாள், "ஃபைலை நான் நம்பமாட்டேன். அதுல குப்பையும் சேர்ந்து வரும். வாயால வந்தாத்தான் சுத்தமா வரும்," என்றார். ரெய்னோ வாயை மூடிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார்.

"லிண்டாலா. நர்சிங் துறை. அறை மாறியிருக்காங்க."

"இப்பத்தானே மாறினாங்க?"

"ஜன்னல் இல்லைன்னு சண்டை போட்டாங்க."

"இப்ப ஜன்னல் கிடைச்சுதா?"

"கிடைச்சுது. குப்பைத்தொட்டி தெரியுது."

டெல்ஃபீன் சிரித்தார். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நடுவில் மூச்சு வாங்கி, மறுபடி தொடர்கிற சிரிப்பு அது. ரெய்னோ சொன்னதைக் கேட்டு யாரும் அதுவரை சிரித்ததில்லை. அவர் அந்த ஒரு வாக்கியத்தைத் தமாஷாகச் சொல்லவும் இல்லை, உண்மையைத்தான் சொன்னார். ஆனாலும் அடுத்த பெயருக்கு வரும்போது கொஞ்சம் யோசித்துச் சொன்னார்.

"பெத் கோஸ்கி. விவாகரத்து. பழைய பேருக்கே திரும்பிட்டாங்க."

"ஐயோ. அந்த மனுஷன் நல்லவர்னு நினைச்சேனே."

"நல்லவர்தான். கேக்காமப் படகு வாங்கினார்."

"ஓ," என்றார் டெல்ஃபீன். பிறகு மறுபடி அந்தச் சிரிப்பு.

அந்த வேலைக்கு அன்று முழுப் பகலும் ஆயிற்று. சாயங்காலம் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, வாழ்நாளில் மொத்தமாகப் பேசியதைவிட அன்று அதிகம் பேசிவிட்டோம் என்று ரெய்னோவுக்குத் தோன்றியது. தொண்டை வலித்தது. அந்த வலி அவருக்குப் பிடித்திருந்தது. மறுநாள் அது சரியாகிவிட்டதில் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

அதற்குப் பிறகு கோடை முழுவதும் கேபிள் அறுந்துபோகவே இல்லை. அறுந்தாலும்தான் என்ன, ஒரு மாதக் கெடு இருக்கிறது. இரண்டு நாள், மூன்று நாள் அறுந்து ஒட்டினால் சர்வர்கள் தாமே பேசித் தீர்த்துக்கொள்ளும். மனிதர்கள் பேச வேண்டியதில்லை. ரெய்னோ மேஜைமேல் இருக்கும் டெலிபோனைப் பார்ப்பார். கூப்பிட்டு என்ன சொல்வது? காரணம் இல்லாமல் ஒரு பெண்ணைக் கூப்பிடுகிற குலத்தில் அவர் பிறக்கவில்லை. டைரக்டரியில் டெல்ஃபீனின் பெயரைத் திறந்தால் சின்னதாக ஒரு போட்டோ இருக்கும். கறுத்த, அகலமான முகம், மஞ்சள் சட்டை, கண்கள் யாரோ பக்கத்தில் பேசுவதைக் கேட்பது போல ஓரமாகப் பார்த்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்.

இலையுதிர் காலம் முடிந்து முதல் பனி விழுந்த வாரத்தில் ரெய்னோ ஒரு காரியம் செய்தார். வடக்குச் சர்வரின் கெடுவை ஒரு மாதத்திலிருந்து இரண்டு நாளாகக் குறைத்தார்.

செய்தது அயோக்கியத்தனம்தான், நான் மழுப்பப்போவதில்லை. ஒரு கல்லூரியே நம்பியிருக்கிற சாதனத்தின் ஞாபகசக்தியை, ஒரு குரலைக் கேட்கிறதற்காகப் பிடுங்கி எறிந்தார் அந்த மனிதர்.

அந்தப் பனிக்காலத்தில் கேபிள் முதல் தடவை அறுந்து, மூன்று நாள் கழித்து ஒட்டியதும், அவர் எதிர்பார்த்தபடியே சர்வர்கள் இரண்டும் முறைத்துக்கொண்டு நின்றன. டெலிபோன் அடித்தது.

"ஹாபலா, மறுபடியும் ஒட்டமாட்டேங்குது. என்ன எழவோ தெரியலை. வாசிக்கறீங்களா?"

"வாசிக்கறேன்," என்றார் ரெய்னோ. அன்று காலையில்தான் அவர் முதல் தடவையாகச் சவரம் செய்துகொண்டு வந்திருந்தார்.

இப்படியே வருஷங்கள் போயின. வடக்கே கேபிளுக்கு விரோதிகள் நிறைய. பனி, மரம், கரையோரம் குழி தோண்டுகிற கான்ட்ராக்டர், ஒரு தடவை நங்கூரம். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள், சில தடவை இரண்டு நாள் வாசிப்பு. ஒரு முறை அவர் பக்கம் துடைக்கப்படும், ஒரு முறை அந்த அம்மாள் பக்கம். அப்போது டெல்ஃபீன் வாசிப்பார், ரெய்னோ தட்டுவார். யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள், யார் போய்ச் சேர்ந்தார்கள், எந்தப் பேராசிரியர் தன் பெயருக்குப் பின்னால் இன்னும் ஒரு பட்டத்தைச் சேர்க்கச் சொல்லி அடம்பிடிக்கிறார் எல்லாம் அதில் வரும். அதோடு டெல்ஃபீனின் சொந்தக் கதையும் வரும். சாகினா கார்த் தொழிற்சாலையில் வேலை செய்த அப்பா, சர்ச் பாட்டுக்குழுவில் தன்னோடு சண்டை பிடிக்கிற உச்சஸ்தாயிக்காரி, செத்துப்போன புருஷன், அவர் விட்டுப்போன நாய். ரெய்னோ தன் கதை என்று சொல்ல எதுவும் இல்லை என்று நினைத்தார். ஆனால் கேட்கக் கேட்க இருந்தது. அப்பாவைப் பற்றிச் சொன்னார். கேரல் சுட்டு வைத்த இறைச்சி அடையைப் பற்றிக்கூடச் சொன்னார். அன்று டெல்ஃபீன் சிரிக்கவில்லை.

"கடைசி ஒண்ணை எப்பத் தின்னீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"தின்னலை. இன்னும் ஃப்ரீசர்ல இருக்கு."

"அதைத் தூக்கிப் போடுங்க ஹாபலா," என்றார் டெல்ஃபீன் மெதுவாக. ரெய்னோ அன்றைக்கே தூக்கிப் போட்டார்.

ஆண்டுதோறும் தெற்கே ஒரு கூட்டம் நடக்கும், கணினி ஆட்கள் எல்லாரும் போவார்கள். ரெய்னோவுக்கு மட்டும் ஒரு வருஷம் முதுகுவலி, ஒரு வருஷம் பனி, ஒரு வருஷம் மான் வேட்டை. உண்மை என்னவென்றால், டெலிபோனில் அவர் ஒரு ஆள். நேரில் போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், அந்த அம்மாள் மேஜைமேல் சாய்ந்து காதைக் கொடுக்க வேண்டியிருக்கும், பிறகு அந்தச் சிரிப்பும் இல்லாமல் போய்விடும். அந்தப் பயத்தில் பாலத்தின் பக்கமே அவர் போகவில்லை. லகோம்ப் ஒவ்வொரு வருஷமும் கேட்பான்.

"பூதத்தைப் பாக்கப் போகலையா?"

"போகலை."

"டேய், அது உன்னைத் தின்னாது. தின்னாலும் உனக்குச் சந்தோஷமாத்தான் இருக்கும்."

நிஜம்தான். அதனால் ரெய்னோவுக்குக் கோபம் வந்தது.

ஒரு வசந்தத்தில் டெல்ஃபீன் வேலையைவிட்டு நின்றார். ஓய்வு வயதுக்கு இன்னும் சில வருஷம் பாக்கி இருந்தது. காரணம் யாரும் சொல்லவில்லை, ரெய்னோ கேட்கவும் இல்லை. சாகினாவில் கேக் வெட்டினார்கள். மேலாளர் மிஸஸ் பிராண்ட் வடக்கு வளாகத்தை ஸ்பீக்கரில் இணைத்தார். எல்லாரும் பேசி முடித்த பிறகு, "ரெய்னோ, நீங்க ஒரு வார்த்தை," என்றார். ரெய்னோ நெஞ்சு நிறைய வைத்திருந்தார். வந்தது, "வாழ்த்துகள்," என்பதுதான். அதுவும் யாருக்கும் கேட்கவில்லை. லைன் அறுந்துபோச்சா என்று அங்கே யாரோ கேட்டது மட்டும் அவருக்குக் கேட்டது.

மறுநாள் விதிப்படி டெல்ஃபீனின் பெயர் டைரக்டரியிலிருந்து நீக்கப்பட்டது. அறை எண், வீட்டு டெலிபோன் எண், மஞ்சள் சட்டைப் போட்டோ எல்லாம் போயிற்று. நீக்கிய பெயரின் சுவடு கெடு முடியும்வரை சர்வரில் கிடக்கும். கெடு ஒரு மாதமாக இருந்திருந்தால் ஒரு மாதம் கிடந்திருக்கும். இரண்டே நாளில் அழிந்துபோனது. தேடினால், அப்படி யாரும் இல்லை என்றது. அதற்கு யாரையும் குறைசொல்ல அவருக்கு வழியில்லை.

ஆகஸ்டில் கேபிள் அறுந்து, மூன்று நாள் கழித்து ஒட்டியது. ரெய்னோ பழக்கதோஷத்தில் சவரம் செய்துகொண்டு வந்தார். டெலிபோன் அடித்தது. எடுத்தார்.

"சார், தெற்குல இருந்து பேசறேன். உங்க மாற்றத்தை ஒரு ஃபைலா அனுப்பிடுங்க. நான் ஏத்திக்கறேன்," என்றது ஒரு புதுக் குரல்.

ஒரு நிமிஷத்தில் முடிந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்குப் பிறகு ரெய்னோ வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இப்படியே முடிந்திருக்க வேண்டிய வேலை என்பது அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். இருந்தாலும் அது இவ்வளவு சீக்கிரம் முடிந்ததைத் தாங்கமுடியவில்லை. டெல்ஃபீனின் குரல் வேண்டும். லிண்டாலா மறுபடியும் அறை மாறியிருக்கிறார், அதை யாரிடம் சொல்வது? ஏக்கம் என்பதெல்லாம் இளவட்டங்களுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தவர், ஐம்பத்து சொச்ச வயதில் மதியச் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். வீட்டு எண்ணை மிஸஸ் பிராண்டிடம் கேட்கலாம். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாததால் கேட்கவில்லை.

நவம்பரில், மான் வேட்டை தொடங்குகிற நாளில், தெற்குச் சர்வரின் டிஸ்க்குகள் மொத்தமாகப் போயின. வடக்கு வளாகத்தில் ஈ காக்கை இல்லை. லகோம்ப் துப்பாக்கியோடு காட்டில். மிஸஸ் பிராண்ட் கூப்பிட்டார்.

"இங்க யாருக்கும் அந்தப் பழைய மெஷினைப் பத்தித் தெரியலை ரெய்னோ. டெல்ஃபீன் கடைசியா எடுத்து வெச்ச பேக்கப்பை கூரியர்ல அனுப்பறேன். புது மெஷின் உங்ககிட்டயே ஒண்ணு இருக்கில்ல? அங்கேயே தயார் பண்ணி அனுப்பிடுங்க."

பேக்கப் இரண்டு நாளில் வந்து சேர்ந்தது. ஆறு மாதப் பழசு. அதை அப்படியே கம்பியில் இணைக்கக் கூடாது. தான் தூங்கின நாட்களில் நடந்தது எதுவும் தெரியாமல், போனவர்களை இருக்கிறார்கள் என்று சாதிக்கும். பெயர்களை வடக்கிலிருந்துதான் நிரப்ப வேண்டும். ஆனால் யார் எதைப் பார்க்கலாம், எந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்கிற தெற்கின் ஏற்பாடுகள் அந்தப் பேக்கப்பில் மட்டும்தான் இருந்தன. ஆகவே ரெய்னோ புது மெஷினை எந்தக் கம்பியிலும் செருகாமல், தனியாக மேஜைமேல் வைத்து, அதில் பேக்கப்பை ஏற்றினார்.

ஏறி முடிந்ததும் வேலையைப் பார்க்க வேண்டியவர், முதலில் ஒரு பெயரைத் தேடினார். இருந்தார். மஞ்சள் சட்டை, ஓரப்பார்வை, வீட்டு எண்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏற்பாடுகளை வரிசையாகத் திறந்தார். தெற்குச் சர்வரின் உள்ளே அவர் இதுவரை பார்த்ததில்லை. இரண்டு பேரிடமும் மற்றவருடைய கடவுச்சொல் இருந்தது, அவசரத்துக்கு. அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறப்பது மாதிரி இருக்கும் என்று அவர் அதைத் தொட்டதே இல்லை. ஞாபகக் கெடு என்ற இடத்துக்கு வந்தார். ஒரு மாதம் என்று இருக்க வேண்டும்.

ஒரு நாள் என்று இருந்தது.

ஏதோ பேக்கப் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தார். அந்த இடத்தைக் கடைசியாக மாற்றியவர் யார், எப்போது என்று பக்கத்திலேயே பதிவு இருக்கும். மாற்றியவர் டெல்ஃபீன். தேதியைப் பார்த்தார். அந்த முதல் பனிக்காலம், ஜன்னலும் குப்பைத்தொட்டியுமாகப் பகல் முழுக்க வாசித்தார்களே, அதற்கு அடுத்த நாள். ரெய்னோ தன் கெடுவைக் குறைப்பதற்கு முன்னால், கோடை வருவதற்கும் முன்னால்.

ரெய்னோ நாற்காலியை விட்டு எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். தான் செய்த திருட்டுத்தனத்தால்தான் டெலிபோன் அடித்தது என்று இத்தனை வருஷம் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தாலும் அது அடித்திருக்கும். ஃபைலை நம்பமாட்டேன் என்றதும், என்ன எழவோ தெரியலை என்றதும் இப்போது வேறு மாதிரி கேட்டன. அவர் டெலிபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தக் கோடையில் அந்தப் பக்கமும் ஒருவர் உட்கார்ந்திருந்திருக்கிறார். சந்தோஷம் வரவில்லை. கூட்டத்துக்குப் போகாத வருஷங்கள்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. முதுகுவலி என்று பொய் சொன்ன வருஷம், பனி என்று பொய் சொன்ன வருஷம்.

பிறகு வேலையைச் செய்தார். புது மெஷினில் கெடுவை ஒரு மாதம் என்று போட்டார். தன்னுடையதையும் ஒரு மாதமாக்கினார். பழைய பெயர்களைத் துடைத்து, வடக்கிலிருந்து நிரப்பினார். துடைப்பதற்கு முன்னால் வீட்டு எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டார். விதிப்படி குற்றம். அதைப் பற்றி அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

எண்களை அழுத்தினார். எடுத்தது ஒரு இளம் குரல்.

"ஹலோ, யாரு?"

"மிஸஸ் ஸ்டோக்லி இருக்காங்களா?"

"கேக்கலை, சத்தமா சொல்லுங்க."

"ஹாபலா. வடக்கு வளாகம்."

"ஓ, ஹாபலாவா. நான் டனீஸ், அவங்க தம்பி பொண்ணு. அத்தையால போன்ல பேச முடியாது சார். காது போயிடுச்சு. அதனாலதானே வேலையை விட்டாங்க. உங்ககிட்ட சொல்லலையா?"

கடைசி இரண்டு பனிக்காலமும் டெல்ஃபீன் ஒவ்வொரு பெயரையும் மறுபடி சொல்லுங்க, மறுபடி சொல்லுங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பேச்சை நீட்டுகிறார் என்று ரெய்னோ உள்ளூரக் குளிர்ந்துபோயிருந்தார். அவருக்கு இப்போதுதான் காரணம் புரிந்தது.

"சார், இருக்கீங்களா? பக்கத்துல நின்னு கத்தினா அத்தைக்குக் கேக்கும். என்ன விஷயம்னு சொல்லுங்க, நான் சொல்லிடறேன்."

போனை வைத்துவிடலாம் என்று கை போயிற்று. கட்டின மனைவியிடம் மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத மனிதர், முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் கொடுத்து அதை வீடு முழுக்கக் கேட்கும்படி கத்தச் சொல்ல வேண்டும். ஆனால் இந்தத் தடவை அவர் வைக்கவில்லை.

"ஒரு நாள்னு வெச்சிருந்ததைப் பாத்துட்டேன்னு சொல்லுங்க."

"என்னது ஒரு நாள்?"

"அவங்களுக்குப் புரியும்."

டனீஸ் போனிலிருந்து வாயை எடுத்துத் தொண்டை கிழியக் கத்தினாள். "அத்தை, ஹாபலா பேசறாரு. ஒரு நாள்னு வெச்சிருந்ததைப் பாத்துட்டாராம்."

தூரத்தில் ஏதோ பாத்திரம் வைக்கிற சத்தம் நின்றது. பிறகு அந்தக் குரல். காது போனவர்களுக்கே உரிய மாதிரி கொஞ்சம் உரக்க, கொஞ்சம் தட்டையாக. ஆனால் அதே குரல்.

"எப்பப் பாத்தாராம்?"

"எப்பப் பாத்தீங்கன்னு கேக்கறாங்க."

"இன்னிக்கு," என்றார் ரெய்னோ. டெல்ஃபீன் சொன்னது அவருக்கு நேராகவே கேட்டது. ஆனாலும் டனீஸ் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்வதை அவர் தடுக்கவில்லை. இரண்டு தடவை கேட்கலாமே.

"இன்னிக்குத்தானாம் அத்தை."

அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, மூச்சு வாங்கி, தொடர்ந்தது. "அவரு ரெண்டு நாள்னு வெச்சதை நான் அந்த வாரமே பாத்துட்டேன்னு சொல்லு."

டனீஸ் சொல்லிவிட்டு, "ஒரு நாள், ரெண்டு நாள்... இது என்ன சார், மருந்தா?" என்றாள்.

"வேலை விஷயம்மா. பாத்துட்டு ஏன் ஒண்ணும் சொல்லலைன்னு கேளுங்க."

கேட்டாள். பதிலில் சிரிப்பு இல்லை. "நான் ஒரு மாசத்துல இருந்து ஒரு நாள் வரைக்கும் வந்துட்டேன். மீதி தூரம் அவரு வருவாருன்னு இருந்தேன். ஒவ்வொரு வருஷக் கூட்டத்துக்கும் புதுச் சட்டை வாங்கினேன்னு சொல்லு."

இதைத் திருப்பிச் சொல்லும்போது டனீஸின் குரல் இறங்கிவிட்டது. விஷயம் என்னவென்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது போலிருக்கிறது. "என்ன சொல்லட்டும் சார்?" என்றாள்.

ரெய்னோ ஜன்னலைப் பார்த்தார். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. முதுகிலும் வலி இருக்கத்தான் செய்தது.

"நேர்ல வர்றேன்னு சொல்லுங்க. இன்னிக்கே கிளம்பறேன்."

"அத்தை, நேர்ல வர்றாராம். இன்னிக்கேவாம்."

டெல்ஃபீன் ஏதோ சொன்னார், இந்த முறை தணிந்த குரலில். ரெய்னோவுக்கு அது எட்டவில்லை. டனீஸ்தான் சொன்னாள்.

"வாங்கன்னு சொல்றாங்க. ஆனா வந்து சத்தமாப் பேசணுமாம். முடியுமான்னு கேக்கறாங்க."

"முடியும்," என்றார் ரெய்னோ.

"கேக்கலை சார்."

"முடியும்!" என்று கத்தினார் ரெய்னோ ஹாபலா.